செல்லும், செல்லாது: கடவுச்சீட்டு என்னும் பிரதியை வாசிப்பது பற்றி

1

'இது செல்லாது சார்' என்றார் கவுண்டரில் இருந்த பெண். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். காலாவதித் தேதிக்கு இன்னும் ஐந்து மாதமும் பதினொரு நாளும் இருந்தன. கோலாலம்பூரில் ஒரு இலக்கியக் கூட்டம். ஐந்தாம் நாள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை வீசா இல்லாமலேயே மலேசியாவுக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. 'வீசால்லாம் வேண்டாம், பாஸ்போர்ட் இருந்தாப் போதும், கிளம்பி வாங்க' என்று கூட்டம் நடத்தும் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அழைப்பிதழின் மேல் கணியன் பூங்குன்றனாரின் அந்த வரியை அச்சிட்டிருந்தார்கள். எந்த வரி என்று சொல்லத் தேவையில்லை. நம்மவர்கள் கடல் கடந்து நடத்தும் கூட்டம் எதுவும் அந்த வரி இல்லாமல் நடந்ததில்லை.

'இன்னும் அஞ்சு மாசம் இருக்கேம்மா' என்றேன். 'ஆறு மாசம் இருக்கணும் சார். இல்லேன்னா ஏத்த முடியாது.' குரலில் கடுமை எதுவுமில்லை. விதி எனக்குத் தெரியாமல் போனது என் தவறுதான். 2024ல் நடந்தது இது.

பெட்டியோடு ஓரமாக ஒதுங்கி நின்றபோது ஒருவர் பக்கத்தில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பேச்சு புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. 'அண்ணே, நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க' என்று தன் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவருடையது இன்னும் ஒன்பது வருடம் செல்லும். ஆனால் அதன் கடைசிப் பக்கத்தில் என்னுடையதில் இல்லாத ஒரு குறிப்பு இருந்தது: குடிபெயர்வுச் சோதனை தேவை. ஏஜெண்டு அவரை வேலைக்குத்தான் அனுப்புகிறார், ஆனால் சுற்றுலாப் பயணி என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். 'அங்க சுத்திப் பாக்க என்னண்ணே இருக்கு? கேட்டா ரெண்டு எடம் சொல்லணும்ல' என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். பத்துமலை முருகனுக்கு நேர்த்திக்கடன், இரட்டைக் கோபுரம், அஞ்சாம் நாள் திரும்பிடுவேன், ஊர்ல பொண்டாட்டி புள்ள இருக்கு. என் பயணத்தின் நாட்களையே அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை நன்றாக வந்தது. வரிசையில் போய் நின்றார். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டு முப்பது வருடமாக எழுதிவருகிறேன். யாராவது ஒருவருக்கு உடனடியாகப் பயன்பட்ட என் கதை அது ஒன்றுதான். அது அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

2

'செல்லும்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். தமிழில் போவதற்கும் மதிப்போடு இருப்பதற்கும் ஒரே வினை. வண்டி செல்லும், நோட்டும் செல்லும். 'ஊர்ல அவர் சொல்லு செல்லும்' என்றால் அவருக்கு நிலமும் சாதியும் இருக்கிறது என்று பொருள். 2016 நவம்பரில் ஒரே இரவில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது அந்தச் சொல்லின் முழுக் கனமும் நமக்குத் தெரிந்தது. தாள் அப்படியே இருந்தது, அதன் பின்னால் நின்ற வாக்குறுதி மட்டும் விலகிக்கொண்டது. பாஸ்போர்ட்டும் அப்படிப்பட்ட தாள்தான். அது செல்லாவிட்டால் நாம் செல்ல முடியாது. பயணம் செய்வது புத்தகம், கூடப் போவது உடம்பு.

ஆனால் என் புத்தகம் காலாவதியாகவில்லையே. அச்சிட்ட தேதி ஒன்று, அது செல்லும் தேதி வேறொன்று. இந்த ஆறு மாதத்தின் பொருள் என்ன? வந்தவர் நோயில் விழலாம், தங்கிவிடலாம், சிறைக்குப் போகலாம். எது நடந்தாலும் அவரைத் திருப்பி அனுப்பும் நாளில் அவர் கையிலிருக்கும் புத்தகம் உயிரோடு இருக்கவேண்டும். காலாவதியான பாஸ்போர்ட்டோடு ஒருவர் உள்ளே இருந்தால் அவரை எந்த நாட்டுக்குத் திருப்புவது என்ற சிக்கல் வரும். ஆக இந்த விதி என் போக்கைப் பற்றியதே அல்ல, என் திரும்புதலைப் பற்றியது. செல்லுபடி என்பது திருப்பி அனுப்புவதற்கான முன்பணம்.

இது ஏதோ இயற்கை விதிபோலச் சொல்லப்படுகிறது. ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆறு மாதம் கேட்கின்றன. ஷெங்கன் நாடுகள், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் இருக்கவேண்டும், புத்தகம் பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. பிரிட்டனுக்குத் தங்கும் நாள்வரை செல்லுபடியானால் போதும். சந்தேகத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறுகிறது, அவ்வளவுதான்.

3

பிரதியாகவே இதை வாசிக்கலாம். முதலில் இதன் ஆசிரியர் யார்? உள்ளே இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டுவருபவரைத் தடையின்றிச் செல்ல விடுங்கள், தேவையான உதவியும் பாதுகாப்பும் தாருங்கள் என்று அது கேட்கிறது. யாரைப் பார்த்துக் கேட்கிறது? சம்பந்தப்பட்ட எல்லாரையும். என்னைப் பார்த்து அல்ல. என் படம், என் கையெழுத்து, என் பிறந்த ஊர் எல்லாம் இருக்கிற இந்தப் பிரதியில் நான் ஆசிரியனும் இல்லை, வாசகனும் இல்லை. சுமப்பவன் மட்டும்தான். இன்னொரு பக்கத்தில் இந்தக் கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்றும் போட்டிருக்கிறது. ஆக, சொந்தமில்லாத பொருளைச் சுமக்கிற கூலி.

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த்தை மேற்கோள் காட்டி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இங்கே ஆசிரியர் சாகவில்லை, முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். அல்தூசர் தெருவில் போலீஸ்காரர் கூப்பிடும் காட்சியைச் சொல்வார்: 'ஏய்' என்ற குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே ஒருவர் தன்னிலையாகிவிடுகிறார். பாஸ்போர்ட் உள்ளவரை யாரும் கூப்பிடவே வேண்டியதில்லை. அவரே போய் வரிசையில் நிற்கிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், கேமராவைப் பார்க்கிறார். கூப்பிடுவதற்கு முன்னாலேயே திரும்பிப் பார்க்கப் பழகிய உடம்பு அது.

4

இந்த ஏற்பாடு ஆதிகாலந்தொட்டு இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. இன்று நம் கையிலிருக்கும் வடிவத்தில் பாஸ்போர்ட் முதல் உலகப் போரின் குழந்தை. போர்க்கால நடவடிக்கையாக வந்தது, போர் முடிந்ததும் போகவில்லை. 1920ல் பாரிசில் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடுதான் முப்பத்திரண்டு பக்கப் புத்தகம் என்ற பொது வடிவத்தை முன்வைத்தது. இந்தியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் வேண்டும் என்ற காலனியச் சட்டமும் அதே 1920ல் வந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால் இதன் உள்ளடக்கம் புரியும். கனடா 1908ல் ஒரு விதி போட்டது: சொந்த நாட்டிலிருந்து இடைவிடாத ஒரே பயணமாக வருபவர்தான் இறங்கலாம். இந்தியர் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி வரும் கப்பல் கிடையாது. 1914ல் கோமகட்டா மாரு கப்பல் 376 பேரோடு வான்கூவருக்கு வந்து இரண்டு மாதம் நங்கூரமிட்டுக் கிடந்துவிட்டுத் திரும்பியது. கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கியபோது அவர்களைத் துப்பாக்கிதான் வரவேற்றது. இனத்தின் பெயரைச் சொல்லாமலே இனத்தை வடிகட்டுகிற இந்த இலக்கண நுட்பத்தைத்தான் பின்வந்த விதிகள் எல்லாம் கற்றுக்கொண்டன. நாள் கணக்கு, பணக் கணக்கு, பள்ளிக்கூடக் கணக்கு எதையும் கேட்கலாம். தோலை மட்டும் கேட்கக்கூடாது.

நம் நினைவிலேயே இதற்கு எதிரான ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது, ஆனால் வேறு பெயரில் வைத்திருக்கிறோம். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்கில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களை மொத்தமாகக் கொளுத்தினார்கள். 1913 நவம்பரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, அனுமதிச் சீட்டு இல்லாமல் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசிய கூலிகள். எல்லை கடக்கும் அந்தப் போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரியில் இறந்தவர் தில்லையாடி வள்ளியம்மை. நம் பாடநூலில் அவர் தேசபக்தச் சிறுமி. காகிதம் கேட்கிற அதிகாரத்தைக் காகிதமில்லாமல் மீறியவர் என்ற வரி அங்கே கிடையாது. காந்தியார் வழி வந்த மரபும் அதைச் சொல்லவில்லை, திராவிட மரபும் சொல்லவில்லை. சொன்னால் இன்று மண்டபத்தில் கரையேறுகிறவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற கேள்வி வரும்.

பாஸ்போர்ட் கிடைத்தாலே விடுதலை என்றும் இல்லை. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத்தின் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பலருக்கு அது ஒரே ஒரு பயணத்துக்கான புத்தகம். அங்கே கடவுச்சீட்டே நாடுகடத்தல் ஆணையாக இருந்தது.

5

வீசாப் படிவத்துக்கு வருகிறேன். அதை நான் ஒரு இலக்கிய வகைமை என்றே கருதுகிறேன். தன்வரலாறு, ஆனால் கட்டாயத் தன்வரலாறு. வங்கிக் கணக்கு, சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, திரும்பும் டிக்கெட் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைத்தான் சொல்லவேண்டும்: நான் திரும்பி வந்துவிடுவேன். ஏன் போகிறேன் என்பதில் வாசகருக்கு அக்கறை குறைவு, முடிவு மட்டுமே முக்கியம். எவ்வளவு குறைவாக உடைமை இருக்கிறதோ அவ்வளவு நீளமாகக் கதை சொல்லவேண்டியிருக்கிறது. உடைமை உள்ளவருக்குக் கதையே வேண்டாம், அவர் கணக்குப் புத்தகம் சொல்லிவிடும். சில நாட்டவர் எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே திரும்பிப் போகும் கதை என்பது பெரும்பாலும் காலனியாக இருந்த நாடுகளின் மக்கள் எழுதும் இலக்கியம்.

இந்த வகைமையின் வரலாற்றில் தமிழருக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் லண்டனில் போய் இறங்கியபோது பிரிட்டன் 1985ல் இலங்கையருக்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடுகளிலேயே அப்படி வீசா விதிக்கப்பட்ட முதல் நாடு இலங்கை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். விமானத்தில் ஏற மறுத்து, உடைகளைக் களைந்து அந்தக் குளிரில் ஓடுதளத்தில் நின்றார்கள். காகிதத்தை யாரும் நம்பாதபோது உடம்பைக் காட்டினார்கள். அடுத்த சில மாதத்துக்குள் வந்த சட்டம் அவர்களைப் பற்றிப் பேசவில்லை, விமானக் கம்பெனிகளைப் பற்றிப் பேசியது. சரியான காகிதமில்லாத பயணி ஒவ்வொருவருக்கும் ஆயிரம் பவுன் அபராதம். 2001ல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் நாடுகள் எல்லாவற்றுக்கும் இத்தகைய அபராதத்தைப் பொதுவாக்கியது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். எல்லைக்கோடு லண்டனில் இல்லை, பாரிசில் இல்லை. பயணி கிளம்புகிற ஊரிலேயே, கம்பெனியின் கவுண்டரில், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கணினித் திரையில் இருக்கிறது. 'ஏத்த முடியாது' என்று என்னிடம் சொன்னவர் எந்த அரசின் அதிகாரியும் இல்லை. அவரிடம் நான் புகலிடம் கேட்க முடியாது, மேல்முறையீடு செய்ய முடியாது. உயிருக்குத் தப்பி ஓடுகிறவரும் இலக்கியக் கூட்டத்துக்குப் போகிறவரும் அவருக்கு ஒன்றுதான். நான் வீட்டுக்குத் திரும்பினேன். திரும்ப வீடில்லாதவர்கள் அதே கவுண்டரில் அதே சொல்லைக் கேட்கிறார்கள்.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) ஒரு புகலிட விண்ணப்பத்தோடு தொடங்குவதைப் பாணி என்று சொல்லி நம் விமர்சகர்கள் கடந்துபோனார்கள். அது பாணி அல்ல என்பது என் வாசிப்பு. ஈழத்தமிழரில் ஒரு தலைமுறைக்கு முதலில் எழுத வாய்த்த உரைநடையே விண்ணப்பம்தான். அதை நம்பமாட்டேன் என்று முன்பே முடிவு செய்துவிட்ட வாசகருக்கு அவர்கள் எழுதினார்கள். வீசாக்காரர் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கவேண்டும், அகதி திரும்பவே முடியாது என்று நிரூபிக்கவேண்டும். எதிரெதிர்க் கதைகள், ஆனால் இரண்டுக்கும் வாசகர் ஒருவரே. நம்பகத்தன்மை என்று நாம் நாவலில் பேசுகிறோமே, அதன் தீர்ப்பு அங்கே சிறை அல்லது விமானம்.

6

வெளிநாட்டு அரசுகளைத் திட்டுவது நமக்குச் சுலபம். அந்தப் புதுக்கோட்டைக்காரரின் கடைசிப் பக்கத்தில் எழுதியது நம் அரசு. 1983ன் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர், வருமான வரி கட்டாதவர் போன்றோரின் பாஸ்போர்ட்டில் 'சோதனை தேவை' என்ற குறிப்பு விழும். பட்டியலிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் அவர்கள் தனியே அனுமதி வாங்கவேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அதில் அடக்கம். வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்றால் முப்பது வயது நிரம்பியிருக்கவேண்டும். நோக்கம் பாதுகாப்பு என்கிறார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஒப்பந்தம் இல்லாமல் பாலைவனத்தில் விடப்பட்டவர்களின் கதைகள் நம் கிராமங்களில் இருக்கின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பு ஏமாற்றுகிற ஏஜெண்டின் நெற்றியில் முத்திரை குத்தவில்லை, ஏமாறக்கூடியவரின் புத்தகத்தில் குத்துகிறது. பள்ளிக்கூடம் யாரை வெளியே தள்ளியது என்ற நம் ஊர்ச் சாதி வரலாறு அந்தக் கடைசிப் பக்கத்தில் சுருக்கெழுத்தில் கிடக்கிறது.

2018 ஜனவரியில் இந்தக் குறிப்புள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டையில் தனிப் பாஸ்போர்ட் என்று அறிவித்தார்கள். கடும் எதிர்ப்பு கிளம்பவே அந்த மாதமே கைவிட்டார்கள். நாம் வென்றுவிட்டதாக எழுதினோம். நிறம் போனது, வரி அப்படியே இருக்கிறது. அட்டையில் தெரிந்தால் அவமானம், உள்ளே இருந்தால் நிர்வாகம் என்று நாமும் ஒத்துக்கொண்டோமா?

அனுமதி முறை கடினமானால் என்ன ஆகும்? ஆள் சுற்றுலாப் பயணியாகக் கிளம்புகிறார். பாதுகாப்புச் சட்டம் அவரைத் தன் பாதுகாப்புக்கு வெளியே அனுப்பிவைக்கிறது. முப்பது நாள் முடிந்த மறுநாள் அவர் சட்டவிரோதி. அங்கே முதலாளி முதலில் வாங்கி வைத்துக்கொள்வது பாஸ்போர்ட்டை. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம் என்று மலேசியாவின் 1966ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் காகிதமில்லாதவர் எந்தக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுப்பார்?

உரிமை பேசுகிற தோழர்கள் 1967ன் தீர்ப்பையும் 1978ன் மேனகா காந்தி தீர்ப்பையும் காட்டுவார்கள். வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி, அரசு அதை நினைத்தபடி பறிக்க முடியாது. சரிதான், அவை பெரிய தீர்ப்புகள். ஆனால் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலே மறுக்கலாம் என்று 1967ன் பாஸ்போர்ட் சட்டத்தில் இடமிருக்கிறது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்த இடிந்தகரைக் கடற்கரை ஊர்களில் வழக்குகளைக் குவித்து, பிழைப்புக்கு வெளிநாடு போகவேண்டிய இளைஞர்களைப் பாஸ்போர்ட் இல்லாமல் நிறுத்தினார்கள். முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழரை எடுத்துக்கொண்டால், 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதை நிலைநாட்டிப் பாஸ்போர்ட் வாங்க, முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றப் படியேறவேண்டியிருந்தது. 2022ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பக்கம் நின்றது. அந்தத் தேதிக்கு மறுநாள், அகதிகளாக வந்த பெற்றோருக்கு அதே முகாமில் பிறந்த குழந்தைக்கு அந்த வாசல் இல்லை. 2019ன் குடியுரிமைத் திருத்தமும் இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. என் ஐந்து மாதம் பதினொரு நாள் இந்தக் கணக்குக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

7

எல்லைகளற்ற உலகம் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லை இல்லை என்று எழுதுகிறவர் அநேகமாகச் சோதனைக் குறிப்பு இல்லாத பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். முகாமில் இருப்பவர் பாஸ்போர்ட்டை ஒழிக்கச் சொல்லவில்லை, ஒன்று கொடு என்கிறார். இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நம் கோட்பாட்டுக் கட்டுரைகள் இன்னும் கடக்கவில்லை. இந்தக் கட்டுரையும் கடந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம்: அந்தக் கடைசிப் பக்க வரியை எடுத்துவிட்டு, பொறுப்பை ஏஜெண்டின் மேலும் முதலாளியின் மேலும் வைக்கச் சொல்லி நாம் பேசலாம். அது புரட்சி அல்ல. ஆனால் அடுத்த ஆள் பத்துமலைக் கதையை மனப்பாடம் செய்யவேண்டிய தேவை குறையும்.

புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன். பத்து வருடம் செல்லும். நண்பர்கள் அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள், இன்னும் பதில் எழுதவில்லை.

அவருக்குக் கதை சொல்லிக் கொடுத்தது சரியா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் சரி என்றார், பசிக்கு முன்னால் சட்டம் என்னய்யா என்றார். இன்னொருவர், ஏஜெண்டு வேலையைத்தானே நீயும் செய்திருக்கிறாய் என்றார். இரண்டாவது ஆள் சொன்னதுதான் மனதில் தங்கியிருக்கிறது. நான் அவரிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் வேறு. என்ன வேலை, யார் முதலாளி, ஒப்பந்தம் இருக்கிறதா, அங்கே தெரிந்தவர் யார், ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவர் கதை கேட்டார், கதை நன்றாக வரவேண்டும் என்பதிலேயே என் கவனம் இருந்தது. 'அஞ்சாம் நாள் திரும்பிடுவேன்' என்ற இடத்தில் மட்டும் அவர் ஒவ்வொரு தடவையும் தடுமாறினார். நான் திருத்தினேன்.